வைக்கோல் நிறம்

கூடத்தில் அழுகை ஓங்கிய நேரம் பார்த்து, தம்பிக்காரன் பட்டறையில் அரத்தை எடுத்து ஓர் அம்புமுனையின் விளிம்பில் ஒரே ஓர் இழுப்பு இழுத்தான். அரம் கடிக்கவில்லை. கண்ணாடியின் மேல் ஓடுவதுபோல வழுக்கிக்கொண்டு போயிற்று. அழுகை தணிந்ததும் அவனும் நிறுத்தினான். யாரோ ஓர் உறவுக்காரி உள்ளே வந்து குரலெடுக்க, அடுத்ததை இழுத்துப் பார்த்தான்.

பன்னிரண்டும் வழுக்கின.

காலையில் அண்ணன் முடித்துவைத்தவை அவை. துணியில் வரிசையாக அடுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை. சுத்தியல் அதன் இடத்திலேயே இருந்தது. சாகும்போதுகூட எதையும் கீழே போடாத மனிதர்.

சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிய எஃகு அரத்துக்கே அடங்காத அளவுக்கு இறுகிவிடும். அத்துடன் விட்டால், மோதிய இடத்தில் நொறுங்கும். ஆகவே மெருகிட்டு, இளஞ்சூட்டில் மறுபடி வாட்ட வேண்டும். அப்போது அதன் மேல் மெல்ல மஞ்சள் ஏறும், பிறகு வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு. வைக்கோல் முற்றுகிற அந்தச் சில விநாடிகளுக்குள் எடுத்துவிட வேண்டும். அந்த விநாடிகள் மூன்று வருடங்களாக அண்ணனின் கண்ணுக்கு எட்டவில்லை. எங்கே அதிகமாக வாட்டிவிடுவோமோ என்ற பயத்தில், நிறம் வருமுன்பே எடுத்துவிடுவார்.

முதல் வருடம் அப்படி ஒரு முனை இலக்கின் இரும்புச் சட்டத்தில் மோதிச் சிதறி, பக்கத்தில் நின்ற வில் வாத்தியாரின் புருவத்தைக் கிழித்தது. "தம்பி கோணலா மாட்டிட்டான்" என்று அண்ணன் சொன்னார். தம்பி மறுக்கவில்லை. அரத்தைப் போட்டுப் பார்த்த அன்றே அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதன்பின், அண்ணன் மதியம் படுக்கப் போகிற ஒரு மணி நேரத்தில், மணல் நிறைந்த சட்டியை அடுப்பில் ஏற்றி, முனைகளை மறுபடி வாட்டினான். ஏறிய நிறம் தெரியாமலிருக்க உப்புத்தாளால் தேய்த்தும் வைத்தான். நிறம் தெரியாதவரிடம் நிறத்தை மறைப்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை.

"என்ன அரக்கு, இங்க நிக்கறே?"

வில் வாத்தியார் வாசலில் நின்றார். முனையைத் தண்டில் பொருத்த உருக்கும் அரக்கு எப்போதும் விரலில் ஒட்டியிருப்பதால் தம்பிக்கு அந்தப் பெயர்.

"சும்மாதான் சார்."

"இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா நாளைக்குப் போட்டி. முனையை அப்படியே குடுத்துடு. எங்க பசங்க மாட்டிப்பாங்க. உங்க அண்ணன் கையால செஞ்ச கடைசிப் பன்னண்டுன்னு சொன்னேன், அவனவன் சண்டை போடறான், எனக்கு எனக்குன்னு."

"மாட்டித்தான் தருவேன் சார்."

"இன்னிக்காவது நேரா மாட்டுவியா?" என்று சிரிக்கப் பார்த்தவர், கூடத்தின் நினைவு வந்து வாயை மூடிக்கொண்டார்.

சொல்லிவிடலாம். கோணல் என்னுடையதில்லை என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பத்தடி தள்ளி அண்ணன் படுத்திருந்தார், பதில் சொல்ல முடியாதவராக. சொல்லாமல் கொடுத்தனுப்பினால் நாளை எவன் கண்ணிலோ பாயும். தம்பி துணியோடு பன்னிரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"நாலு மணிக்குத்தானே தூக்கறாங்க? அதுக்குள்ள தந்துடறேன்."

சமையலறைக்குப் போகும் வழியில் அத்தை மறித்தாள். "ஏண்டா, டீ போடப் போறியா?"

"ஆமா அத்தை."

"எனக்குச் சர்க்கரை கம்மியா. அழுது அழுது தொண்டை வேற வறண்டு போச்சு."

தொட்டிக்குக் கீழே சட்டி இருந்தது, மணல் இல்லை. அலமாரியைத் திறந்தான், மூடினான். அரிசி டின்னைத் திறந்தான். கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றுக்குப் பத்து நிமிடம். கொல்லைப்பக்கம் போய் வெறுங்கையோடு திரும்பியபோது, அண்ணி தண்ணீர்க் குவளையுடன் நின்றிருந்தாள்.

"மணலா தம்பி?"

அவள் எட்டி, மேல்தட்டிலிருந்து ஒரு தகர டப்பாவையும் அதன் மேல் கவிழ்த்திருந்த சல்லடையையும் இறக்கினாள்.

"நேத்து வந்த மணல்ல ஒரே கல்லு. சலிச்சு வச்சாரு."

"யாரு?"

"உங்க அண்ணன்தான். எப்பவும் அவருதானே சலிக்கிறாரு? கல்லு கிடந்தா சூடு சீரா ஏறாது, அவனுக்கு நிறம் பிடிபடாதுன்னு சொல்லுவாரு. நீங்க கேட்டா, நான் சலிச்சதா சொல்லணுமாம்." குவளையைக் கீழே வைத்தாள். "இனிமே எதுக்கு அது."

"மதியம் தூங்குவாரே அண்ணி."

"எங்க தூங்கினாரு? அடுப்புச் சத்தம் நிக்கிற வரைக்கும் விட்டத்தைப் பாத்துட்டுப் படுத்திருப்பாரு."

தம்பி டப்பாவுக்குள் கையை விட்டான். மணல் மாவுபோல விரலிடுக்கில் வழிந்தது. ஒரு கல்கூட இல்லை. மூன்று வருடங்களில் ஒரு கல்கூட இருந்ததில்லை.

அடுப்பு எரிந்தது. முனைகளை மெருகிட்டு, தண்டு செருகும் குழாய்ப்பக்கம் புதைந்து நுனி மேலே தெரிய, ஒன்றை மணலில் நட்டான். பக்கத்து அடுப்பில் அண்ணி டீ வைத்தாள். மஞ்சள் ஏறியது, வைக்கோல் வந்தது. இடுக்கியால் எடுத்தான். சூடு ஆறியதும் அரம் போட்டான், கடித்தது. குழாய்க்குள் அரக்கை உருக்கிவிட்டு, கூராகச் சீவிய தண்டை அழுத்திச் செருகினான். கட்டைவிரல் நகத்தின் மேல் முனையை நிறுத்தி அம்பைச் சுழற்றினான். தள்ளாடாமல் நின்று சுழன்றது. அடுத்தது. அடுத்தது. விரலில் சுட்டதைக்கூட அவன் உதறிக்கொள்ளவில்லை.

பதினோரு அம்புகள் சுவரோரம் சாய்ந்திருந்தபோது வாத்தியார் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வாப்பா. எல்லாரும் உனக்காகத்தான் நிக்கறாங்க."

தம்பி சட்டியை மறைக்க ஓர் அடி நகர்ந்தான். பிறகு நகர்ந்த இடத்திலிருந்து திரும்பி வந்தான். வாத்தியார் மணலைப் பார்த்தார், இடுக்கியைப் பார்த்தார், அரத்தைப் பார்த்தார். அவர் விரல் தானாகப் புருவத் தழும்பைத் தொட்டு மீண்டது.

"எத்தனை நாளா?"

தம்பி கடைசி முனையை மணலில் நட்டான். அண்ணி டீயை வடிகட்டினாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வேறு குரலில் கேட்டார் வாத்தியார்.

"ஒண்ணுதான் பாக்கி சார். நிறம் வரட்டும்."

அவர் வெளியே போனார். "அஞ்சு நிமிஷம் இருங்கப்பா. ஒரு வேலை முடியல" என்பது கேட்டது. "இதுக்கு மேல என்ன வேலை?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "டீ என்னடா ஆச்சு?" என்றாள் அத்தை.

அண்ணி சல்லடையைத் தட்டி, சுவரில் ஆணியில் மாட்டினாள். சட்டியில், கடைசி முனையின் அடியிலிருந்து மஞ்சள் மெதுவாக ஏறத் தொடங்கியது.