கார்டம்மாவுக்கு ஒரு சட்டை

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு துணிக்கடையின் உடை மாற்றும் அறைக்கு வெளியே. திருடியது என்றும் சொல்லலாம். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி என்னைக் கடையில் வேலை செய்கிறவள் என்று நினைத்துக்கொண்டு பேசினார். நான் இல்லையென்று சொல்லாமல் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

தப்பு முழுக்க அவருடையது இல்லை. அந்தக் கடைப் பெண்களுக்குச் சாம்பல் நிறம்தான் சீருடை. அன்றைக்கு நானும் சாம்பல் நிறத்தில் இருந்தேன். அன்றைக்கு என்ன அன்றைக்கு, ஐம்பத்தைந்து தாண்டியதிலிருந்தே நான் சாம்பல் நிறம்தான். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன். கையில் ஒரு ஹேங்கர், அதில் வாங்குவதற்காக எடுத்த இன்னொரு சாம்பல் சட்டை. யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

திரையிடுக்கிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டது. கையில் ஒரு கரும்பச்சைச் சட்டை.

"ஏம்மா, இதுல ஒரு சைஸ் பெருசு இருக்கா?"

நான் போய்த் தேடி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். யார் எதைக் கேட்டாலும் எழுந்து போய் எடுத்து வந்தே பழகிய கால்கள், என்னைக் கேட்காமலே போய்விட்டன.

2.

முதல் வரி மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்ததைக் காட்டுவதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

(அ) "அந்த மூதாட்டி நடுங்கும் விரல்களால் பொத்தானை…" விரல்கள் நடுங்கவில்லை. ஓடுகிற ரயிலை நிறுத்திய விரல்கள் அவை. மூதாட்டியும் இல்லை.

(ஆ) "வயது என்பது வெறும் எண்தான் என்பதை நிரூபிக்க…" வெறும் எண் என்றால் படி ஏறும்போது முழங்கால் ஏன் வலிக்கிறது? இதை எழுதியவள் இருபது வயதுக்காரியாக இருக்க வேண்டும்.

(இ) "அறுபது வயதான அவர் மெதுவாக நடந்து வந்து கண்ணாடி முன்…" இங்கேதான் என் கையை நானே பிடித்தேன். வயதை எழுதியதும் 'மெதுவாக' என்கிற சொல் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் கூப்பிடவே இல்லை. வயதை அடித்துவிட்டுப் பார்த்தேன், விறுவிறுவென்று நடந்தார்.

ஆகவே இனி அவர் வயதைச் சொல்வதாக இல்லை. போன மாதம்தான் பணி ஓய்வு பெற்றார் என்பது வரைக்கும் சொல்லலாம். மீதியை நீங்கள் எண்ணிக்கொள்ளலாம், எண்ணாமலும் விடலாம்.

3.

அவர் ரயிலில் கார்டு. கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு பச்சைக் கொடி காட்டுவாரே, அவர்தான். ஒரு சிக்னலைக்கூடத் தவற விட்டதில்லை என்று திரைக்குப் பின்னாலிருந்தே எனக்குச் சொன்னார். அவரைக் கார்டம்மா என்றே வைத்துக்கொள்வோம்.

"வேலைக்குப் போறப்ப வெள்ளைச் சட்டை, கருப்புக் கால்சட்டை, தொப்பி. வீட்டுக்கு வந்தா நைட்டி. நடுவுல போட்டுக்க எங்கிட்ட ஒண்ணுமே கிடையாதும்மா."

"இப்ப எதுக்கு வேணும்? ஏதாவது விசேஷமா?" கடைப் பெண்ணின் தோரணை எனக்கு நன்றாகவே வந்துவிட்டிருந்தது.

துணி உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஒருத்தரைப் பாக்கப் போறேன்" என்றார்.

அந்த ஒருத்தர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மனைவி போய்ப் பல வருடம் ஆகிறது. தினமும் காலையில் கார்டம்மாவின் ரயிலில், கார்டு பெட்டிக்கு அடுத்த பெட்டியில் ஏறுவார். ஏறுமுன் ஒரு வணக்கம், இறங்கியபின் ஒரு வணக்கம். இத்தனை வருடப் பழக்கமும் அவ்வளவுதான். கார்டம்மாவின் கடைசி வேலை நாளில் மட்டும் அவர் வணக்கத்தோடு நிறுத்தவில்லை.

"ரயில் இல்லாத ஒரு நாள்ல உங்களப் பாக்கணும்னு ஆசையா இருக்குன்னாரு. சொல்லிட்டு, ஸ்டேஷனுக்கே வரச் சொல்றாரு பாருங்க! பாவம், அவருக்கும் வேற இடம் தெரியல. நாளைக்குச் சாயங்காலம் நான் பயணியா வந்து இறங்கணும், அவர் பிளாட்பாரத்துல நிப்பாரு."

"நல்லதுதானே?"

"என்ன நல்லது? அவருக்கு என் தொப்பியத்தான் தெரியும். தொப்பி இல்லாம, வேற துணியில இறங்கினா, யாரோன்னு என்னத் தாண்டிப் பாத்துட்டு நின்னார்னா?"

"ஒரு குரல் கொடுங்களேன்."

"கொடுக்கலாம். ஸ்டேஷனே திரும்பற குரல் எனக்கு." குரல் சட்டென்று தணிந்தது. "ஆனா அவராப் பாக்கணும்னு இருக்கு."

(இந்த வரிக்குப் பிறகு நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். தனிமை, அந்திமம், இன்ன பிற. எடுத்துவிட்டேன். அவர் சொன்னதே போதும்.)

திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கரும்பச்சை அவருக்கு நன்றாகவே இருந்தது. கண்ணாடி முன் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் வலது கையை நேராக மேலே தூக்கினார்.*

"கொடி காட்டற கை" என்றார். "தூக்கினா அக்குள்ல பிடிக்கக் கூடாது. இடுப்புக்கு மேல ஏறக் கூடாது. இது ரெண்டும் பண்ணுது. எனக்கு ஆகாது."

இப்படியே நீலத்தையும் தள்ளினார், பூப்போட்டதையும் தள்ளினார். பிறகு என் கண்ணைப் பார்த்து, "இதெல்லாம் என் வயசுக்குப் பொருந்துமா? உண்மையச் சொல்லுங்க" என்றார்.

(* பக்கத்து அறையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண், இதைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே போய்விட்டாள்.)

4.

பதில் சொல்வதற்கு முன் கொஞ்சம் கட்டுரை. பிடிக்காதவர்கள் ஐந்துக்குப் போய்விடலாம்.

என் மகள் கைபேசியில் எனக்கு அனுப்பும் செய்திகளில் பாதி, வயதான பெண்கள் அழகாக உடுத்துவது எப்படி என்பதைப் பற்றியவை. கையில்லாத சட்டை கூடாது. கண்ணைப் பறிக்கிற நிறம் கூடாது. தொளதொளவென்று இருந்தால் மூட்டை, பிடிப்பாக இருந்தால் வெட்கக்கேடு. இவற்றையெல்லாம் ஒழுங்காகக் கடைப்பிடித்தால் கடைசியில் மிஞ்சுவது ஒரு ஜன்னல் திரைதான்.

இதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் எரிச்சல். தோள் தையல் தோள்பட்டையில் உட்கார்ந்தால் சட்டைக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. இளமையில் எதைப் போட்டாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும், இப்போது தையல்காரர் தயவு வேண்டியிருக்கிறது. அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'வயசுக்கேத்த மாதிரி' என்பதை நான் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டதாக நினைவில்லை. எப்போதும் வேறு யாரோதான் சொல்கிறார்கள். நான் உடனே ஒரு படி மங்கலான நிறத்துக்கு இறங்கிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்பிருந்து ஒரே நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போடுகிறார். அது எந்த வயதுக்கு ஏற்றது என்று இதுவரை ஒருவரும் விசாரித்ததில்லை.

(இதைப் படித்துவிட்டு அவர், ஒரே சட்டை இல்லை, ஒரே மாதிரி நான்கு சட்டைகள் என்று திருத்தச் சொன்னார். இங்கேயே திருத்திவிட்டேன்.)

5.

நான் வாயைத் திறப்பதற்குள் நிஜமான கடைப் பெண் வந்து என்னிடம், "மேடம், உங்களுக்கு ஏதாவது எடுத்துத் தரட்டுமா?" என்றாள். குட்டு உடைந்தது.

கார்டம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க கடை ஆளு இல்லையா?"

"இல்லைங்க. கதை எழுதறவ."

"அதான் தோண்டித் தோண்டிக் கேட்டீங்களா!" என்று சிரித்தார். அந்தக் குரலுக்கு ஸ்டேஷன் திரும்பும் என்று சொன்னது பொய்யில்லை, கடையே திரும்பியது. பிறகு என் கையிலிருந்த சாம்பல் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "இதைத்தானே போட்டிருக்கீங்க? இதையேவா திரும்பவும் வாங்கப் போறீங்க?"

அறைக்குள் கொக்கியில் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. முழங்கால் வரை வரும் நீளச் சட்டை, நல்ல மாம்பழ மஞ்சள். "நான் போட்டா நானே சிக்னல் மாதிரி நிக்கறேன். உங்களுக்குச் சரியா இருக்கும். உள்ள போங்க" என்றார். ரயிலையே நிறுத்தியவர் சொன்னால் எதிர்த்துப் பேச வாய் வருமா? போனேன்.

போட்டுக்கொண்டேன். "கையத் தூக்குங்க!" என்று வெளியிலிருந்து உத்தரவு. தூக்கினேன். எங்கும் பிடிக்கவில்லை. கண்ணாடியில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவளை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. என்னை எனக்குப் பிடித்து ரொம்ப நாளாகியிருந்தது, அதனால் கண்ணும் கலங்கிவிட்டது.

துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது கார்டம்மா கடை வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தார். கையில் ஒரு காகிதப் பை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கையசைத்தார். பைக்குள் என்ன வாங்கினார் என்று எனக்குத் தெரியாது.

6.

தெரியாததை இட்டுக்கட்டத்தானே எழுத்தாளர். அந்த 'நாளை' எப்போதோ கடந்து போய்விட்டது. கதையில் மட்டும் இன்னும் வரவில்லை. கார்டம்மாவுக்கு மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டு முடிவு எழுத உட்கார்ந்தேன்.

முதல் முடிவு: ரயில் நிற்கிறது. மஞ்சள் சட்டையில் இறங்குகிறார். கண்ணாடிக் கடைக்காரர் உடனே கண்டுகொண்டு… (இவ்வளவு சுலபமாக முடியும் என்றால் கார்டம்மா ஏன் துணிக்கடை முழுக்கப் புரட்டினார்?)

இரண்டாவது முடிவு: கண்ணாடிக் கடைக்காரர் தாண்டிப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். கார்டம்மாவின் கழுத்துக்குப் பின்னால் விலைச்சீட்டு குத்துகிறது. கூட்டம் கலைகிறது. அவர்… (மனசு வரவில்லை.)

இரண்டையும் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். கணக்கு வாத்தியாராக இருந்தவர், கதையையும் விடைத்தாள் போலத்தான் படிப்பார். பென்சிலால் ஒரு இடத்தில் வட்டம் போட்டார்.

"விலைச்சீட்டு குத்துதுன்னு எழுதியிருக்கே. ஊரறிய இறங்கப் போறவங்க விலைச்சீட்டோட ஏன் வர்றாங்க?"

"எடுக்க மறந்திருப்பாங்க."

"ஒரு சிக்னலக்கூட விட்டதில்லன்னு நீதான் மேல எழுதியிருக்கே. மறக்கற ஆளா அவங்க?"

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"நம்ம அலமாரியில, கம்பளிக்குப் பின்னால ஒரு பை இருக்கு. அதுல ஒரு மஞ்சள் சட்டை இருக்கு. விலைச்சீட்டோட."

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "நீங்க எப்பப் பாத்தீங்க?"

"நீ வாங்கிட்டு வந்த அன்னைக்கே. எப்பப் போடுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். நீ என்னடான்னா அதைக் கதையில யாருக்கோ போட்டு விடறே."

"இந்த வயசுல அது எனக்கு…"

"நல்லா இருக்குமான்னு எனக்கும் தெரியாது. விடையப் பாக்காம மார்க் எப்படிப் போடறது?"

கேலி செய்வார் என்று பயந்து, அவரிடமிருந்துதான் அதை நான் ஒளித்து வைத்திருந்தேன்.

7.

விலைச்சீட்டைக் கத்தரித்துவிட்டேன். இந்தப் பகுதியை மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நடுவில் மேசை முன் உட்கார்ந்தபடியே ஒரு தடவை கையைத் தூக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கம் போன வீட்டுக்காரர், "என்ன சந்தேகம், கேளு" என்றார். பிறகு நின்று, என்னை நன்றாகப் பார்த்தார். மார்க் எவ்வளவு என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

ஆனால் கதையில் ஒரு சிக்கல் வந்துவிட்டது. மஞ்சள் சட்டையை நான் போட்டுக்கொண்டுவிட்டதால் கார்டம்மாவுக்கு உடுத்த ஒன்றுமில்லை. ரயிலோ நிலையத்துக்குள் நுழைந்துவிட்டது. பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொப்பியைத் தேடுகிறாரோ என்னவோ. என்னிடம் மிச்சம் இருப்பதெல்லாம் சாம்பல். அதைக் கார்டம்மாவுக்குக் கொடுக்க மாட்டேன்.

உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒன்று இருக்கும். ஆசைப்பட்டு வாங்கி, இந்த வயசுல எதுக்கு என்று மடித்து வைத்த ஒன்று. உங்களுடையதாக இருக்கலாம், உங்கள் அம்மாவுடையதாக இருக்கலாம். ஆண்களும் தப்பிக்க முடியாது, கம்பளிக்குப் பின்னால் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். என்ன நிறமாக இருந்தாலும் சரி, அதைத்தான் கார்டம்மா போட்டுக்கொண்டு இறங்கப் போகிறார்.

அவர் குரல் கொடுக்க மாட்டார், அது எனக்கு நிச்சயம். ஆனால் இறங்கி நின்றதும், இத்தனை வருடப் பழக்கத்தில், அந்த வலது கை தானாக மேலே போகும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. தொப்பி இல்லாவிட்டாலும் அந்தக் கையைக் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தெரியாமல் போகாது.

அதனால், கார்டம்மாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அதை நீங்களே ஒரு தடவை போட்டுக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, கையைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.