நீலத் துணுக்கு

ஆய்வகத்தில் அவளுக்குச் சுத்தக்காரி என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும், உள்ளூரப் பெருமையும்கூட. நோயாளிகளின் குடலிலிருந்து கிள்ளி எடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றுவது அவள் வேலை. தூசி தும்பு தெரிகிற தகடு மருத்துவர் மேசைக்கே போகாது. குப்பையில் போட்டுவிட்டு வேறு துண்டு சீவுவாள்.

கொஞ்ச காலமாக ஒரு நீலப் புள்ளி அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. சாயம்தான் கட்டி தட்டிவிட்டதென்று வடிகட்டிப் பார்த்தாள், புதுப் புட்டி உடைத்துப் பார்த்தாள். அது போவதாயில்லை. நோயாளி மாறினாலும் புள்ளி மாறாமல் வந்தது. புள்ளி விழுந்த தகடுகளையெல்லாம் கழித்துவிட்டு, மற்றதை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

இன்று அவள் கையில் இருந்தது பெற்ற மகளின் சதை. பள்ளிக்கூடம் போகிற பெண், சில மாதமாய் ரத்தமாகப் போய் எலும்பும் தோலுமாகிக் கிடந்தாள். “குடல் முழுக்க வீக்கம், புண்ணு. எதையோ எதிரின்னு நெனச்சு உடம்பு ஓயாம சண்ட போடுது. அது எதுன்னு தெரிஞ்சாப் போதும், பாதி பொழச்ச மாதிரி” என்றிருந்தார் மருத்துவர்.

“குடுங்கக்கா, நான் பண்றேன்” என்றான் பக்கத்து மேசைக்காரன்.

“நீ அழுக்குப் பண்ணிடுவே.”

தகட்டைப் பார்த்தாள். நீலம். அதுவும் ஒன்றிரண்டில்லை. பழக்க தோஷத்தில் கை குப்பைத் தொட்டிவரை போய்விட்டது. என்ன தோன்றியதோ, சாயமே ஏற்றாமல் ஒரு துண்டைச் சீவி வைத்துப் பார்த்தாள். வெளிறிய சதையில் நீலம் அப்படியே இருந்தது. சாயம் ஏற்றியதை மறுபடி எடுத்தாள். ஒவ்வொரு நீலத் துணுக்கையும் சுற்றி, விபத்து நடந்த இடத்துக் கூட்டமாய் வெள்ளணுக்கள் நெருக்கியடித்து நின்றன. அப்படியானால் இத்தனை பேர் குடலிலிருந்தும் இத்தனை நாள் எதைத் தூக்கி எறிந்தாள்?

அந்த நீலம் தெரிந்த நீலம். வீட்டுக்கு வீடு இருக்கிற நீலம்.

போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள். சமையலறை ஜன்னலடியில் குடிதண்ணீர் பிடித்து வைக்கும் நீல பிளாஸ்டிக் டிரம். முன்பெல்லாம் வாரம் ஒருமுறை கம்பிநாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்ப்பாள். மகள் படுத்ததிலிருந்து கிருமி அண்டக்கூடாதென்று தினமும். மூடியைத் திறந்தாள். டிரம்மின் சுவரைத் துளைத்துக்கொண்டு வெயில் உள்ளே வந்து தண்ணீர் முழுக்க நீலமாய் மினுங்கியது. சுவர் எப்போது இவ்வளவு மெலிந்தது? கைவிட்டுத் தடவினாள். சொரசொரத்தது. நகக்கண்ணில் நீலப் பொடி ஏறியது. டிரம்மைச் சாய்க்கப் போனவள் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

வாசற்படியில் காலி டம்ளரோடு மகள். அம்மாவின் முகத்தைப் பார்த்து மிரண்டுபோய் முந்திக்கொண்டு சொன்னாள்.

“பயப்படாதம்மா, வெளித் தண்ணி எதுவும் குடிக்கல. நீ காலைல தேச்சு வெச்சியே, அத மட்டுந்தான் குடிச்சேன்.”