மூன்றாவது பள்ளம்

1

இந்தக் கதையை நான் ஒரு துட்டி வீட்டில் திருடினேன். வருஷாவருஷம் எங்கள் வயலுக்கு அறுப்பு இயந்திரம் கொண்டுவருகிற இசக்கிராஜா செத்துப்போனான் என்று சேரன்மகாதேவிக்குத் துட்டி கேட்கப் போயிருந்தேன். அவன் மனைவி சந்தனமாரி அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, திரும்பும்போது பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன். வெட்கங்கெட்ட பிழைப்பு. இருந்தாலும் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: வானத்தில் எண்ணற்ற நட்சத்திரங்கள் [குப்பை. யாருக்குத் தெரியாது?]

இரண்டாம் தொடக்கம்: சந்தனமாரி கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். (டிரைவர் பெண்டாட்டி பேராசிரியையா என்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.) வகுப்பில்லாத நேரங்களில் கணினி முன் உட்கார்ந்து, பக்கத்து நட்சத்திரங்களைச் சுற்றும் சின்னக் கிரகங்களைத் தேடுவாள். பக்கம் என்றால் வெளிச்சம் வந்துசேர நாற்பது வருஷம். கிரகம் கண்ணுக்குத் தெரியாது. அது குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் துளி குறையும். வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். ஒரு பள்ளத்தை நம்பக்கூடாது. இரண்டு விழுந்தால் சந்தேகப்படலாம். அதே இடைவெளியில் மூன்றாவதும் விழுந்தால்தான் வாயைத் திறக்கவேண்டும்.*

அவளுக்கு ஒரு நட்சத்திரத்தில் இரண்டு பள்ளம் கிடைத்திருந்தது.

* அவர்கள் குழுவின் கட்டுப்பாடு இது. அவசரப்பட்டு அறிவித்துவிட்டு அசிங்கப்பட்டவர்கள் உண்டாம்.

3

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் பொங்கல் பானையை இறக்கும்போது இசக்கிராஜா மயங்கி விழுந்தான். வெயில் என்றார்கள். மூன்று வாரம் கழித்து வயலில், இயந்திரத்தைவிட்டு இறங்கியதும் மறுபடி விழுந்தான். அன்று சாயங்காலம் அவனே கேட்டிருக்கிறான்.

"ஏட்டி, ஆஸ்பத்திரிக்கு ஒரு நட போயிட்டு வந்துருவமா?"

"ரெண்டு தடவ வந்தா போதுமா? மூணாவது வரட்டும், பாப்பம்," என்றாள் சந்தனமாரி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கேலியாகத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான். மகள் ப்ரியாவும் சேர்ந்து சிரித்தாள்.

மூன்றாவது, ஆற்றில் குளிக்கும்போது வந்தது. இடுப்பளவுத் தண்ணீர்தான். படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் அவன் முங்குகிறான் என்றே நினைத்திருந்தார்கள்.

4

இந்த இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. படித்த பெண் இப்படிச் சொல்வாளா? வாசகர்கள் அவளைச் சும்மா விடமாட்டார்கள். அதனால் மாற்றினேன்: அவள் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுகிறாள், "அறுப்பு முடியட்டும்" என்று அவன் தட்டிக்கழிக்கிறான். செத்தவன் வந்து என்னிடம் கேட்கவா போகிறான்? எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். மறுநாளே போன் வந்தது.

"அத மாத்தாதீங்க அண்ணாச்சி. அவரு போவம்னுதான் சொன்னாரு. நாந்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன்."

பழையபடியே எழுதிவிட்டேன்.

5

முடிவுக்கு வருவோம்.

(அ) பதினாறாம் நாள் காரியம் முடிந்து கணினியைத் திறக்கிறாள். மூன்றாவது பள்ளம் இருக்கிறது. கிரகம் உறுதி.

(ஆ) திறக்கிறாள். பள்ளம் இல்லை. முதல் இரண்டும் கருவிக் கோளாறு.

இரண்டிலும் கட்டுப்பாடுதான் ஜெயிக்கிறது, கவனித்தீர்களா? எப்படிப் பார்த்தாலும் காத்திருந்தது சரி என்றாகிவிடுகிறது. அதை அவள் எப்படித் தாங்குவாள்? 

(இ) அவள் அந்த நட்சத்திரத்தின் கோப்பைத் திறக்கவே இல்லை. திறக்காமல் அவள்

[இதற்குமேல் வரவில்லை.]

6

உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்க இன்று காலை போன் செய்தேன். பாளையங்கோட்டையில் ஏதோ ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

"பள்ளிக்கூடம் தெறந்து ரெண்டு நாள்தான் ஆகுது அண்ணாச்சி. ப்ரியா வரிசையில நிக்கும்போது மயங்கி விழுந்துட்டா."

"எத்தன தடவ?" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும். 

"ஒரு தடவதான்," என்றாள். "செருப்புகூடப் போடாம தூக்கிட்டு ஓடியாந்தேன்."

பிள்ளையின் நெஞ்சில் வயர்களை ஒட்டி உள்ளே படுக்க வைத்திருக்கிறார்கள். அப்பனுக்கு இருந்திருக்கக்கூடிய இதயக் கோளாறு மகளுக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். டாக்டர் இன்னும் வெளியே வரவில்லை. வந்து என்ன சொன்னாலும் அதை நான் எழுதப்போவதில்லை. இந்தக் குடும்பத்துக்கு நான் எழுதியது போதும். நீங்கள் எழுதுங்கள்.

பிள்ளைக்கு ஒன்பது வயது.