மூன்றாவது பேரிங்

விடியற்காலை ஐந்து மணிக்கே யசிந்தன் படகின் எஞ்சினறைக்குள் இறங்கிவிட்டான். நிமிர முடியாத இடம். ஒயிலும் உப்புத் தண்ணீரும் கலந்து கணுக்கால்வரை நின்ற அழுக்கை அவன் வாளி வாளியாக அள்ளிக் கொடுக்க, படகைக் கட்டும் கயிறு பிடிக்கும் மிரோஜன் மேலே நின்று வாங்கிப் பீப்பாவில் ஊற்றினான். ஆறு மணிக்கு எஞ்சினை இயக்கி, குறிகட்டுவான் துறையில் கட்டியபடியே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு நிறுத்தினான். நிறுத்திய உடனே திறக்கக்கூடாது. உள்ளே ஏதாவது அளவுமீறிச் சூடாகியிருந்தால் காற்றுப் பட்டதும் ஒயில் ஆவி பற்றிக்கொள்ளும். கால் மணித்தியாலம் காத்திருந்தான்.

மூன்று கிழமைக்கு முன் இந்த எஞ்சினில் சுழல்தண்டைத் தாங்கும் மூன்றாவது பேரிங் உருகி இறுகியபோது, நெடுந்தீவுக்குப் போகும் வழியில் எண்பது சனத்தோடு படகு இரண்டு மணித்தியாலம் நீரோட்டத்தில் அள்ளுண்டது. பிள்ளைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி தாய்மார் கத்தியது இன்னும் அவன் காதைவிட்டுப் போகவில்லை. தண்டை யாழ்ப்பாணத்தில் கடைந்து, ஆறு பேரிங்கையும் புதிதாக வாங்கிக் கொண்டுவந்தார்கள். பொருத்த அவன் இரண்டு நாள் கேட்டான். முதலாளி பரராசசிங்கம் ஒரு நாள்தான் கொடுத்தார். பக்கத்தில் நின்று மணியும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சினின் பக்கக் கதவைக் கழற்றிப் புறங்கையால் பேரிங்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டான். முதலாவது இளஞ்சூடு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் வைத்த கை தானாக வெளியே வந்தது. மற்ற மூன்றையும் தொட்டுவிட்டுத் திரும்ப வந்தான். தன் கையை நம்பாமல் இடக்கையாலும் பார்த்தான். சுட்டது.

வேலை முடியும்வரை தூசி போகாதிருக்க, தண்டின் ஒயில் துளைகளைப் பழைய சாரத் துணித் துண்டுகளால் அடைப்பது இவர்கள் வழக்கம். ஆறு துளை, ஆறு துண்டு; ஒன்று உள்ளே தங்கினாலும் அந்தப் பேரிங்குக்கு ஒயில் போகாது. எடுக்கும்போது எண்ணித்தான் எடுப்பான். ஐந்து என்று சொன்னது நினைவிருந்தது. ஆறு என்று சொன்னது நினைவில்லை.

மேலே நெடுந்தீவுக்கு வேலைக்குப் போகும் ஆசிரியர்களும் கந்தோர்க்காரரும் ஏறி உட்காரத் தொடங்கியிருந்தார்கள். யசிந்தன் ஏறிவந்து படகின் ஓரத்தில் நின்ற முதலாளியிடம் சொன்னான்.

"மூண்டாவது சுடுது முதலாளி. கழட்டிப் பாக்க வேணும்."

"புதுச் சாமான் எண்டால் சூடு வரும்தானே. ஓட ஓடச் சரிவரும்."

"மற்ற அஞ்சும் புதுசுதான். அதுகள் சுடேல்லை."

பரராசசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "பூட்டினது ஆர்? நீர். திறந்து உம்மட பிழையெண்டு கண்டால், இந்தப் பக்கத்திலை ஒரு படகிலையும் உமக்கு வேலை இராது. யோசிச்சுக் கதையும்."

யோசித்தான். ஊரில், சுருவிலில், அம்மாவும் இரண்டு தங்கைகளும் இந்த வேலையில்தான் சாப்பிடுகிறார்கள். பேசாமல் இருந்துவிடலாம், ஒருவேளை பேரிங் தாங்கும். ஆனாலும் நேரே போய்ப் படகோட்டி பஸ்ரியாம்பிள்ளை முன்னால் நின்றான்.

"அண்ணை, துணி ஒண்டை உள்ளுக்கை விட்டிட்டனோ தெரியேல்லை. என்ர பிழையா இருக்கலாம்."

இருந்த சனம் எல்லாருக்கும் கேட்டது. பஸ்ரியாம்பிள்ளை சுக்கானிலிருந்து கையை எடுத்தார்.

"ஆற்ற பிழையெண்டு பிறகு பாப்பம். திறந்து பாக்காமல் நான் படகை எடுக்கமாட்டன்."

"அப்ப நீரும் வீட்டை போம்," என்றார் பரராசசிங்கம். "இறுப்பிட்டியிலை படகோட்ட வேறை ஆக்கள் இல்லையே?"

"இருக்கினம் முதலாளி." கயிற்றை அவிழ்க்காமல் அதன்மேலேயே உட்கார்ந்திருந்தான் மிரோஜன். "அதிலை ஒருத்தன் என்ர மச்சான். இப்பதான் போனிலை கதைச்சனான். திறந்து பாக்காமல் அவங்களும் ஏறாங்களாம். அவனுக்கு நீந்தவும் தெரியாது."

சிலர் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. மூன்று பேருக்கும் இன்றோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டு, தொலைபேசியைக் காதில் வைத்தபடி துறையில் நடக்கத் தொடங்கினார். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க நேரமாகிவிடும் என்று ஒருவர் முணுமுணுத்தார். படகு அள்ளுண்ட அன்றைக்கு நடுக்கடலில் இந்தப் படகில் இருந்தவர் கிறிஸ்ரினா ரீச்சர். அவர்தான் முதலில் எழும்பினார். பின்னால் ஒவ்வொருவராகத் துறையில் இறங்கினார்கள். ரீச்சர் மட்டும் எஞ்சினறை வாசலில் குந்தி, தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே நீட்டினார்.

"எங்கை பிடிக்க வேணும் தம்பி?"

யசிந்தன் இடத்தைக் காட்டினான். மூன்றாவது பேரிங்கின் நட்டில் வைத்த ஸ்பனர் வியர்வையில் வழுக்கியது. உள்ளே இருப்பது தன் பிழையாக இருந்தால் என்ன செய்வதென்று அவனுக்கு இப்போதும் தெரியவில்லை. அவன் கைக்குமேல் பஸ்ரியாம்பிள்ளையின் கை வந்தது. அதற்கும்மேல் மிரோஜனுடையது. இழுத்தார்கள். நட்டு அசையவில்லை. மேலே முதலாளி யாருக்கோ உரத்துக் கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா," என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

மூன்று பேரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். நட்டு கிறீச்சிட்டு, கால் சுற்று இளகியது.