ஓசூருக்கு இரண்டு பேர்

காவியா அன்று காலை பத்து மணிக்குள் ஓசூரில் இருந்தாக வேண்டும். அங்கே ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகிவிட்டது. சேர அன்றுதான் கடைசி நாள். பத்து மணி தாண்டினால் பட்டியலில் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள். அண்ணன் மாதேஷ் தன் போனிலேயே ரயில் டிக்கெட் போட்டு, அதைப் படம் பிடித்துத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பாசத்தில் குறையே இல்லை, விவரம்தான் கொஞ்சம் கம்மி.

தருமபுரியைத் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். எந்த போனில் எடுத்தார்களோ அந்த போனில் ஆப்பைத் திறந்து காட்டினால்தான் செல்லும், இந்தப் படத்தை நூறு பேர் வைத்திருக்கலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அபராதம் கட்டக் காவியாவிடம் பணம் போதவில்லை. தக்காளி மண்டியில் நின்ற மாதேஷ் போனை எடுக்கவில்லை. பாலக்கோட்டில் இறங்கிவிடும்படி சொல்லிவிட்டு அவர் எதிர் சீட்டுக்குத் திரும்பினார். காவியா பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எதிரே, வத்தல்மலையிலிருந்து ஓசூரில் மகள் வீட்டுக்குப் போகும் சின்னக்கா என்ற அம்மாள், காலடியில் ஒரு சாமை மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் நீட்டிய டிக்கெட்டில் ஓசூருக்கு இரண்டு பேர் என்றிருந்தது. இன்னொருத்தர் எங்கே என்று பரிசோதகர் கேட்டார். சின்னக்கா மூட்டையைக் காட்டினாள்.

"மலை பஸ்ல மூட்டைக்குத் தனி டிக்கெட்டுங்க. அதான் இங்கயும் ரெண்டா வாங்கிட்டேன்."

பெட்டியே சிரித்தது. ரயிலில் இந்தச் சுமைக்கெல்லாம் டிக்கெட் வேண்டாம், காசை வீணாக்கிவிட்டீர்களே என்று பரிசோதகரும் சிரித்தார். சின்னக்கா மட்டும் சிரிக்காமல் காவியாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டைக்கு வேணாம்னா அந்த எடத்துல இந்தப் புள்ள இருக்கட்டுங்க. என்னோட வரட்டும்."

பரிசோதகர் டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பேர் எதுவும் இல்லை, தலைக்கணக்குதான். இரண்டு தலைக்கும் காசு வந்தாயிற்று. பேனாவைத் திறந்து டிக்கெட்டில் ஒரு கோடு கிழித்தார்.

"ஒரே டிக்கெட்டுங்க, பிரிஞ்சு போகக் கூடாது. சேர்ந்தே இருக்கணும், சேர்ந்தே எறங்கணும்."

பாலக்கோடு வந்தது, போயும் விட்டது. காவியா எழுந்து சின்னக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

பிரியக் கூடாது என்று சொன்னதைச் சின்னக்கா அப்படியே எடுத்துக்கொண்டாள். ஓசூர் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த பிறகும் காவியாவின் கையை விடவில்லை. டிக்கெட் வேலை முடிந்துவிட்டது, நீங்கள் மகள் வீட்டுக்குப் போங்கள் என்று காவியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். ம்ஹூம். கடைசியில் மூட்டையைக் காவியாவே தூக்கிக்கொள்ள, இருவரும் கம்பெனி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது நாற்பது.

கூட வந்திருப்பது யார் என்று காவலாளி கேட்டார்.

"எங்கூட்டு ஆளுங்கதான்" என்றாள் காவியா.