இடது கண்ணில் அக்கி

வெல்டரின் நகங்களை நர்ஸ் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் நெற்றிக் கொப்புளங்களைப் பிறாண்டி ரத்தக்களரியாக்கி வைத்திருந்தான். இரும்பு தூக்கிக் காய்த்துப்போன அந்தக் கையை அவன் மனைவி அழுத்திப் பிடித்திருந்தாள். கொப்புளங்கள் இடது புருவத்துக்கு மேலே தொடங்கி மூக்கு நுனிவரை இறங்கியிருந்தன. நெற்றியின் நடுவில் கோடு போட்டதுபோல, வலப்பக்கம் சுத்தமாக இருந்தது. இடது கண் வீங்கி மூடிக் கிடந்தது.

"ஆரம்பத்துலயே கூட்டிட்டு வந்திருக்கலாமேக்கா."

"வெல்டிங் வெளிச்சம் அடிச்சிருக்குன்னு நெனச்சோம் சிஸ்டர். அடிக்கடி கண்ணு செவந்து, மண்ணள்ளிப் போட்டாப்ல உறுத்துதுன்னு வருவாரு. ஈரத்துணி போட்டுப் படுத்தா காலையில சரியாயிடும்."

இந்தத் தடவையும் ஈரத்துணிதான் போட்டாள். தலையணை பட்டாலே உயிர் போகிறது என்று அவன் கத்தியபோது, "பட்டறையில நெருப்போட மல்லுக்கட்டுற ஆளு, வீட்டுக்கு வந்தா பச்சப்புள்ள" என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

சின்ன வயதில் போட்ட அம்மை உடம்பை விட்டுப் போகவில்லை, நரம்புக்குள் பதுங்கியிருந்து இப்போது அக்கியாகக் கிளம்பியிருக்கிறது என்றாள் நர்ஸ். "கொப்புளம் கிளம்புனதும் மாத்திரை போட்டிருந்தா..." நகவெட்டியைத் துடைத்தாள். கொதித்து ஆறிய தண்ணீரில் துணியை நனைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது என்று செய்து காட்டினாள்.

பட்டறைக் கூட்டாளி வாசலோடு நின்றுகொண்டான். "வீட்டுல அவ மாசமா இருக்கா. ஒட்டிக்குமா சிஸ்டர்?"

"உங்களுக்கு அம்மை போட்டிருக்கா?"

"ஞாபகம் இல்லயே."

"அப்ப கிட்ட வராதீங்க."

"அண்ணே, சீக்கிரம் வந்து சேரு. நான் ஒட்டவச்ச கேட்டு குடிகாரன் மாதிரி கோணிக்கிட்டு நிக்குது."

வெல்டர் சிரிக்கப் போனான். முகம் சுண்டியிழுக்க, முனகிக்கொண்டு அடங்கினான். ஒற்றைக் கண்ணோடு இரும்பை ஒட்டவைக்கிறவனுக்கு எந்த முதலாளி வேலை தருவான் என்று அவனும் வாய்விட்டுக் கேட்கவில்லை, மனைவியும் கேட்கவில்லை.

டாக்டர் வந்து அவனது வலது கண்ணை அட்டையால் மறைத்தார். நர்ஸ் இடது இமையை மெல்லத் தூக்கிப் பிடித்தாள். மனைவி வழிவிட்டுக் கால்மாட்டுக்கு நகர்ந்தாள்.

"எத்தனை விரல்னு சொல்லுங்க."

"ரெண்டு" என்றான் உடனே.

டாக்டரின் மறு கை இன்னும் கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. நர்ஸ் தரையைப் பார்த்தாள்.

"சரியாச் சொன்னேனா?" என்று, மனைவி முன்பு நின்றிருந்த பக்கம் முகத்தைத் திருப்பி அவளைக் கேட்டான். அட்டையும் அவன் முகத்தோடு சேர்ந்து திரும்பியது. அங்கே வெறும் சுவர். அவள் கால்மாட்டில், சொட்டுகிற துணியோடு நின்றிருந்தாள்.