மேல்தண்ணி மீன்

சீவரத்தினம் போட்ட தீனி உருண்டைகள் சிறிது நேரம் மிதந்தன. பிறகு ஊறிக் கனத்து, ஒவ்வொன்றாகத் தொட்டியின் அடியில் போய்க் கிடந்தன. அரோவானா திரும்பியும் பார்க்கவில்லை. முழங்கை நீளத்துக்கு வளர்ந்த மீன். நீரின் மேல்மட்டத்தை முதுகு உரச, இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகப் போய்வந்துகொண்டிருந்தது. மனைவி இராசம்மா கனடாவுக்கு விமானம் ஏறியதிலிருந்து அது எதையும் வாயில் வைக்கவில்லை.

மகள் வேணுஜா கலியாணம் முடித்துப் போகும்போது விட்டுப்போன மீன். அப்போது விரல் நீளம்தான். பிறகு அது இராசம்மாவின் மீனானது. இப்போது வேணுஜாவுக்குப் பிள்ளை பிறந்து, பத்தியம் பார்க்க இராசம்மாவும் போய்விட, அது சீவரத்தினத்தின் தலையில் விழுந்தது. வயலைப் பற்றிக் கேட்டால் சொல்வார். கண்ணாடிக்குள் இருக்கிற சீவனோடு என்ன செய்வது? ஆனாலும், திருக்கேதீஸ்வரத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த வீட்டில் அவரைத் தவிர அசைகிற உயிர் அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் என்று நினைத்த இடத்தில் எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு மன்னார் பஸ்ஸில் ஏறினார்.

வளர்ப்பு மீன் விற்கிற வஸீர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டான்.

"இது மேல்தண்ணி மீன் ஐயா. அடியிலை விழுந்ததைப் பாக்காது. உயிரோடை, மேலை கிடந்து துடிக்கிறதாக் குடுத்துப் பாருங்கோ."

அன்று பின்னேரம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பு வரம்பாக வெட்டுக்கிளி பிடித்தார். பிடித்ததைப் பால்மாத் தகர ரின்னுக்குள் அடைத்துக் கொண்டுவந்து ஒன்றைத் தண்ணீரில் விட்டார். அது கால்களை உதைத்து வட்டமடித்தது. மீன் கிட்ட வந்தது, மேல்நோக்கிய வாயைக் கொஞ்சம் திறந்தது, பிறகு விலகிப் போய்விட்டது. சீவரத்தினம் ரின்னை மூடி வைத்தார்.

இருட்டும் நேரத்தில் இராசம்மா வீடியோவில் வந்தாள். அங்கே விடிந்திருந்தது. கழுத்துவரை மூடிய கம்பளிச் சட்டை அவளை வேறு யாரோபோலக் காட்டியது.

"மீன் சாப்பிடுதில்லை" என்றார்.

"பக்கத்திலை இருந்தனீங்களே?"

"போட்டிட்டு வந்திட்டன்."

"அப்பிடியெண்டா தின்னாது. நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கதைச்சுக் கதைச்சுத்தான் குடுக்கிறனான்."

"மீனோடை என்ன கதைப்பீர்?"

 எங்கோ குழந்தை சிணுங்கியது.

"எல்லாந்தான். நீங்கள் விடிய வயலுக்குப் போனா, பொழுதுபட்டு வாறீங்கள். வந்தும் வாய் திறக்க மாட்டியள். நான் வேறை ஆரோடை கதைக்கிறது?"

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பிறகு அவள், "வேணுஜா என்ரை விசாவை நீட்டப்போறாளாம். இன்னும் கொஞ்சநாள் நிக்கச் சொல்லுறாள்" என்றாள்.

"ஓம், நில்லும்" என்றார்.

மறுநாள் அவர் வயலுக்குப் போகவில்லை. வெயில் முற்றத்துக்கு ஏறியபின், கதிரையை இழுத்துத் தொட்டியருகே போட்டு, வெட்டுக்கிளி ஒன்றை விட்டார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. தொண்டையைச் செருமினார்.

"கட்டுக்கரைக் குளத்திலை தண்ணி திறந்திட்டாங்கள்" என்றார். தன் குரல் தனக்கே அந்நியமாகக் கேட்டது. "கீழ் வயல்துண்டுக்கு இன்னும் வந்து சேரேல்லை. ராத்திரி நான் சமைக்கேல்லை. கடையிலை வாங்கின பாண்தான் திண்டனான். அவவின்ரை சட்டை ஒண்டு இன்னும் கொடியிலை கிடக்கு, எடுத்து மடிக்க மனம் வரேல்லை. முந்தி அவ என்ன கேட்டாலும் நான் ம் எண்டு…"

களுக்கென்று ஒரு சத்தம். முகத்தில் தண்ணீர் தெறித்தது. அவர் பார்த்தபோது வெட்டுக்கிளி இல்லை. நீர்வளையம் ஒன்று விரிந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டிருந்தது.

கை தானாகப் போனை எடுத்தது. அங்கே நடுச்சாமம், பிள்ளைக்காரி வீடு. வைத்துவிட்டார்.

அடுத்த வெட்டுக்கிளியை எடுக்காமல், முகத்து ஈரத்தை வழித்த வெறுங்கையைத் தண்ணீருக்கு மேலே நீட்டினார். மீன் வந்து கையின் நிழலில் நின்றது. விரல் நுனியிலிருந்து ஒரு துளி விழுந்தது. மீன் விலகவில்லை. அவரும் கையை எடுக்கவில்லை.